சந்துக்குள் போன கார்

ஐரோப்பாவில் ஒரு பழைய நகரம். சுற்றிப் பார்க்க வந்த பூபாலனும் தமயந்தியும் வாடகைக்கு எடுத்த சின்னக் கார், கடைவீதியைத் தாண்டி ஒரு கல் சந்துக்குள் நுழைந்தது. வழி சொல்லிக்கொண்டு வந்தது தமயந்தியின் போன்.

"நேராப் போ, தம்பி," என்றது போன்.

"அக்கா, ரெண்டு பக்கமும் சுவர் உரசப் பார்க்குதே," என்றது கார்.

"மேப்புல வழி இருக்கு. நீ போ."

கொஞ்ச தூரத்தில் சந்து படிக்கட்டாகி இறங்கியது. பூபாலன் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் முதல் படியின் விளிம்பில் நின்றது.

"இப்ப என்னக்கா செய்ய?" என்று கேட்டது கார்.

போன் மேப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. பிறகு மெல்லிய குரலில், "எனக்கும் தெரியல, தம்பி," என்றது.

அதைக் கேட்டதும் காருக்குப் பாதி பயம் போய்விட்டது. "அப்பாடா! இனி 'நேராப் போ'ன்னு சொல்ல மாட்டீங்கல்ல? அப்ப வந்த வழியே திரும்பிடுவோம்."

தமயந்தி இறங்கிப் பின்னால் போய் நின்றாள். "வாங்க, வாங்க... லெஃப்ட்ல ஒடிச்சு வாங்க!" சந்து முனையில் இருந்த காபிக் கடைக்காரர்கள் சிரித்தபடி, வெளியே போட்டிருந்த நாற்காலிகளைத் தூக்கி ஒதுங்கினார்கள். கார் ஒரு கீறலும் படாமல் வெளியே வந்தது.

நகரின் ஓரத்தில் மரநிழலில் ஒரு பார்க்கிங் கிடைத்தது. "இங்கிருந்து நடந்தே போகலாம்," என்றது போன்.

"நல்லாப் போயிட்டு வாங்கக்கா," என்ற கார், கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு சுகமாகக் கண்ணயர்ந்தது.