எண்பத்து மூன்றாம் வில்லை

எனிட் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்ததும் எங்கள் உலோகம் தேடுவோர் சங்கக் கூடத்தில் தேநீர்க் கோப்பைகளின் சத்தம்கூட நின்றுவிட்டது.

மேசையில் ஒரு பித்தளை வில்லை. மேலே ஓர் ஓட்டை, கீழே 83 என்ற எண். முந்தின நாள் என் உலோகங்காட்டி சத்தம் போட்டதும் நான் தோண்டி எடுத்தது.

இங்கிலாந்தில் நிலக்கரி தோண்டிய எங்கள் டர்ஹம் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது. சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் பொறித்த வில்லையை வாசல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான். வில்லை வெளியே இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான்.

83 யாருடையது என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனிட்டின் தாத்தா ஆம்ப்ரோஸ் டினிங்.

சுரங்கம் வெடித்த அன்று அவருக்கு விடுமுறை. வீட்டில்தான் இருந்தார். அன்றிலிருந்து ஆளைக் காணோம். பயந்துபோய்ப் பெண்டாட்டியையும் நாலு வயது மகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறி ஓடிவிட்டார் என்று ஊர் தொண்ணூற்றிரண்டு வருஷமாகச் சொல்கிறது. நினைவுக் கல்லில் நாற்பத்தொரு பெயர்கள். அவர் பெயர் இல்லை.

"எங்க கிடைச்சுது?" என்றாள் எனிட்.

"பின்வழி வாய்கிட்ட. சாலையோரம்."

பின்வழி என்பது சரிவில் நடந்தே சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய பாதை. வெடித்த அன்று மாலையே அதுவும் சரிந்து மூடிக்கொண்டது.

"ஓடுறப்ப தூக்கி எறிஞ்சிருப்பாரு," என்றார் கத்பர்ட், வாய் நிறைய ரொட்டியோடு. பழைய சுரங்கத் தொழிலாளி; ஓடிப்போன கதையை ஊரில் அதிகம் சொன்னவர் அவர்தான். "கோவிச்சுக்காத கண்ணு."

"இருக்கலாம்."

கிடைத்த பொருளுக்கு எங்கள் சங்கம் எழுதும் சீட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. தொலைந்தது, எறிந்தது, வைத்தது. எனிட் பென்சிலை எடுத்து 'எறிந்தது' கட்டத்தில் குறி போட்டாள். சொந்தத் தாத்தா என்று இம்மியளவு சலுகை இல்லை. என்ன மனுஷி இவள்!

சீட்டை நகர்த்தப் போனவள் மறுபடி குனிந்து பார்த்தாள்.

"பித்தளை துருப்பிடிக்காதே. பச்சைதான பூக்கும். ஓட்டையச் சுத்தி மட்டும் எப்படிப் பழுப்பா இருக்கு?" நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கழுவினியா?"

கிடைத்ததைக் கழுவாதே என்பதுதான் சங்கத்தில் முதல் பாடம். நான் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"வினிகர்ல... கொஞ்சமா. உன் கையில பளபளன்னு குடுக்கணும்னுதான்..."

"அட மடையா! ஓட்டையில என்ன இருந்துச்சு?"

"துருப்பிடிச்சு என்னமோ இருந்துச்சு. பிடுங்கிக் குப்பைப் பையில போட்டுட்டேன்."

என் இடுப்பிலிருந்த அந்தப் பையை அவளே உருவி மேசையில் கவிழ்த்தாள். பீர் டப்பா வளையங்கள், உடைந்த லாடம், பிடி பிடியாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியாக எடுத்துக் கண்ணாடிக்கடியில் திருப்பினாள். யாரும் தேநீரைத் தொடவில்லை.

ஓர் ஆணி கொக்கி மாதிரி மேல்நோக்கி மடங்கியிருந்தது. மடிப்பில் மெல்லிய பச்சை.

அதை வில்லையின் ஓட்டைக்குள் விட்டாள். பழுப்பும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன.

கத்பர்ட் ரொட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"பின்வழியில வாசல்காரர் கிடையாது. இறங்குறவன் வில்லைய உத்தரத்து ஆணியில மாட்டிட்டுத்தான் போவான்," என்றார் மெதுவாக. "காத்துல விழாம ஆணிய மடக்கி வேற விட்டிருக்காரு. ஓடுறவனுக்கு அதுக்கு ஏது நேரம்?"

எரிகிற சுரங்கத்துக்குள், மாட்டிக்கொண்டவர்களைத் தேடி, தன்னந்தனியாக. எப்பேர்ப்பட்ட மனுஷன்!

எனிட் பென்சில் குறியை அழித்தாள். 'வைத்தது' கட்டத்தில் பேனாவால் போட்டாள். பிறகு முதியோர் இல்லத்துக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"அம்மா, தாத்தா ஓடிப் போகலம்மா. வில்லைய மாட்டிட்டு உள்ள போயிருக்காரு."

"தெரியும்டி. அலமாரியிலேர்ந்து அந்த வில்லைய நான்தான எடுத்துக் குடுத்தேன். நாலு வயசுக் குழந்தை சொன்னா யாரு நம்பினா?" தொண்ணூற்றாறு வயசுக் குரல் கொஞ்சமும் உடையவில்லை. "கத்பர்ட் அங்க இருக்கானா? ஃபோன அவன்கிட்ட குடு."