சுல்தானுக்கு வந்த ஜீப்

"ஏ பர்ஹத், அடுப்புல பால் பொங்குது பாரு."

மாமியாரின் அதட்டலைக் கேட்டு அடுக்களைக்கு ஓடினாள் பர்ஹத். அடுப்பு அணைந்தே கிடந்தது. மாமியார் பீவி ஜானோ மொட்டை மாடியில் மிளகாய் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

முற்றத்துக் கூண்டிலிருந்து சுல்தான் அவளை ஒரு கண்ணால் பார்த்தான். பச்சைக்கிளிதான். ஆனால் வீட்டில் யார் எது பேசினாலும், அவரவர் குரலிலேயே திருப்பிச் சொல்லிவிடுவான்.

மாமனார் பீர் முகைதீன், ஆமத்தூர் விலக்கு ரோட்டில் யாரோ ஒருவனிடம் ஆசையாக வாங்கி வந்த கிளி அது. சர்க்கரை நோய்க்காரரான அவர் போனில் ரகசியமாகச் சீரணி மிட்டாய் வாங்கிவரச் சொன்னதை வீடு முழுக்கக் கூவினான். விருந்தாளிகள் முன்னால் மாமியாரின் குறட்டையை விட்டுக் காட்டினான்.

பர்ஹத்தின் கணவன் தவுபிக், பட்டாசுப் பெட்டிக்கு அட்டை சப்ளை செய்பவன். "லோடு கிளம்பிருச்சு அண்ணாச்சி" என்று கம்பெனிக்காரரிடம் போனில் அவன் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போது, "ஏலே, இன்னும் ஏத்தவே இல்லையா?" என்று தவுபிக் குரலிலேயே பின்னாலிருந்து கேட்டான் சுல்தான். அந்த ஆர்டர் போயே போய்விட்டது.

புது மருமகளையும் விடவில்லை. "மாமி வைக்கிற சால்னால உப்பே இல்லம்மா" என்று அவள் தன் தாயிடம் போனில் சொன்னதை, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டின்போது அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான்.

அப்படியும் மாமியார் அவனைப் பெற்ற பிள்ளையாகத்தான் கொஞ்சினார். வீட்டில் ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கடிந்ததில்லை.

பர்ஹத்தால்தான் தாங்க முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் முந்தின நாள் வனத்துறைக்குப் போன் செய்து, தெருவையும் கதவு எண்ணையும் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது முற்றத்தில் மட்டும்தான். பேசி முடித்துத் திரும்பியபோதுதான், சுல்தான் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஹலோ, பாரஸ்ட் ஆபீஸா?" என்று அவள் குரலில் அவன் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். மாமியார் முகத்தில் பிறகு எப்படி விழிப்பது?

வாசலில் ஜீப் வந்து நின்றது. மாமியார் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, கூண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"பாரஸ்டுல இருந்து வாறோம். கிளி வளக்கீகளாமே?" என்றாள் வனக்காவலர் அழகுமீனா.

அந்தக் குரல் பர்ஹத்துக்குத் தெரிந்தது. நேற்று போனை எடுத்த அதே குரல். தன் குரலை இவளும் அடையாளம் கண்டுகொள்வாளே என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"கிளியா? எங்க வீட்டுலயா?" என்று திகைத்தார் மாமனார்.

"குளியல் ரூமைத் திறங்க பாய். உங்க பழைய கைலியப் போட்டு மூடி வச்சிருப்பீகளாமே."

பர்ஹத் விழித்தாள். கைலி விஷயத்தை அவள் சொல்லவே இல்லையே. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை, கூண்டு வெளியே வந்துவிட்டது.

"காட்டுப் பறவைம்மா. வளக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. வாங்க ஆள் இருக்கப்போயிதான் பிடிக்கிறவன் கண்ணி வைக்கான்" என்றாள் அழகுமீனா. "நீங்களா ஒப்படைச்சதா எழுதிக்கிடுதேன். கேசு வேண்டாம்."

"எம்புள்ளயப் பிரிச்சுட்டாகளே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார் மாமியார். "போன் பண்ணவுக நல்லாவா இருப்பாக?" சற்று நிறுத்தி, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"எவன்னு மட்டும் தெரியட்டும்மா, பாத்துக்கிடுதேன்" என்றான் தவுபிக், தரையைப் பார்த்தபடி.

பர்ஹத் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுல்தான் அலகைத் திறந்தான். அழகுமீனா ஒரு பச்சை மிளகாயை நீட்ட, அதைக் கவ்விக்கொண்டு அவன் பேசாமல் கொறிக்கத் தொடங்கினான். கொறித்தபடியே ஜீப்பில் ஏறியும் விட்டான்.

பர்ஹத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எல்லோரும் வழியனுப்ப வாசலுக்கு வந்தார்கள்.

"எனக்குத் தெரியும் மேடம், எதுத்த வீட்டுச் சங்கரலிங்கம்தான்" என்று திடீரென்று குரலை உயர்த்தினார் மாமனார். "கிளிச் சத்தத்துல தூங்க முடியலன்னு சொன்னவன் அவன்தான். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன். ஏலே தவுபிக், என் செருப்பு எங்கலே?"

செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

"போங்க அத்தா, நல்லாக் கேளுங்க" என்று தகப்பனை முடுக்கினான் தவுபிக். "விடாதீக" என்றார் மாமியார்.

தன்னால் ஒரு பாவப்பட்ட மனிதர் ஏச்சு வாங்கப் போகிறாரே என்று பர்ஹத் தவித்தாள். வாயைத் திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் மனமில்லை.

ஜீப்பில் ஒரு காலை வைத்த அழகுமீனா, காலை எடுத்துவிட்டு இறங்கி வந்தாள். மாமனாரை வழிமறித்து நின்று, ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"அந்த அண்ணாச்சிய விடுங்க பாய். போன் பண்ண நாலு பேரும் இந்த வாசல்லதான் நிக்கீக."