பிளாட்டினம்

பார்கவியின் விரல்கள் உடன் வேலை செய்யும் ஷ்யாமின் காதை மெல்ல வருடிக்கொண்டிருந்தன. அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

கசார்வாடியில் இருந்த அந்தச் சிலிகோன் ரப்பர் பட்டறையின் ஜன்னலுக்கு வெளியே ராம்பிரசாத் ஒளிந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று மனைவி கிளம்பி வந்தது இதற்குத்தானா? வலப்பக்கம் சரிந்த மூக்குக்கண்ணாடியை வழக்கம்போல் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தான். வேலையில் கழற்றவே கழற்றாத கையுறைகூட இன்று அவள் கையில் இல்லை.

போன வாரம் அவள் யாரிடமோ போனில் கிசுகிசுத்தது நினைவுக்கு வந்தது. "பிளாட்டினமே குடுங்க. மத்ததெல்லாம் அவர் தோலுக்கு ஒத்துக்காது."

கல்யாணத்தில் தனக்குப் போட்டது வெறும் தங்க மோதிரம். பிளாட்டினம் போடும் அந்த 'அவர்' யார் என்று ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டவனுக்கு இன்று விடை கிடைத்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"என்ன நடக்குது இங்க?"

ஷ்யாம் பதறித் திரும்பினான். அவன் காதைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஏதோ பசை அப்பியிருந்தது. "சார், மேடம் அச்சு எடுக்கறாங்க, அவ்வளவுதான்!"

"அசையாதே ஷ்யாம், இன்னும் இறுகலை." பார்கவியின் முகம் வெளிறியது. "நீங்க எப்படி இங்க?"

"பிளாட்டினம் யாருக்கு? அதைச் சொல்லு முதல்ல."

"ஐயோ, அது நகையில்லைங்க! கூழ் மாதிரி இருக்கற சிலிகோனை ஒண்ணோட ஒண்ணு கோத்து ரப்பராக்கற சரக்கு. பெராக்சைடு போட்டாலும் இறுகும். ஆனா நாள் பூரா தோல்ல படற பொருளுக்குப் பிளாட்டினம்தான் நல்லது."

"கையுறையைக் கழட்டினது?"

"அதுல கந்தகம் இருக்கு, பட்டா பிளாட்டினம் வேலை செய்யாது. முதல்ல செஞ்சது அப்படித்தான் ஓரமெல்லாம் பிசுபிசுன்னு நின்னுடுச்சு."

"எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கே. இத்தனை பேர் இருக்கற ஊர்ல இவன் காதுதான் கெடைச்சுதா? அப்படி என்ன இருக்கு அதுல?"

பார்கவி இழுப்பறையிலிருந்து முதலில் செய்த, தோல் நிற ரப்பர் காதை எடுத்தாள். கணவன் தோள் வரை வளர்த்திருந்த முடியை ஒதுக்கி, வலப்பக்கம் வைத்துப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஆக்சிடெண்டுக்கு முன்னாடி உங்க வலது காது இப்படித்தானே இருந்தது?"