பட்டியலில் இல்லாத வேலை

வெள்ளை வேன் ஒன்றிலிருந்து துசாந்தினி இறங்குவதைக் கலாஜினி மாடி ஜன்னலால் கண்டாள். இறங்கியவள் உள்ளே இருந்த ஆளுக்கு ஏதோ தலையாட்டிச் சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்தபடி பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்தாள்.

கலாஜினி ஜன்னலை விட்டு விலகினாள். சண்டை ஓய்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மட்டக்களப்பில் ஆட்களைத் தடயமில்லாமல் தூக்கிப்போனதெல்லாம் வெள்ளை வேன்தான். வேனின் பக்கவாட்டில் நீல எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. அதை வாசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

எல்லாம் அந்தப் புரொஜெக்டில் தொடங்கியதுதான். கணினி விரிவுரையாளரான கலாஜினி, கடைசி வருட மாணவர்களுக்குப் புரொஜெக்ட் வேலை தேடி ஒரு பெரிய மென்பொருளை ஒரு மாதமாகக் குடைந்திருந்தாள். சுனாமிக்குப் பிறகு, அகதிகளின் விவரங்களைப் பதியவென்று பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதியது. யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து விட்டிருந்தார்கள்.

அதில் ஆறு லட்சம் வரி நிரல். மூன்று மாதத்தில் ஒரு பிள்ளை முடிக்கக்கூடிய வேலை எது, இறங்கினால் கரையேற முடியாத வேலை எது என்று பிரித்தெடுப்பதற்குள் அவளுக்குக் கண் பூத்துப்போயிற்று.

கடைசியில் பதினொரு வேலைகளைத் தெரிந்தெடுத்துப் பட்டியல் ஒட்டினாள். நிவாரணச் சாமான் விநியோகம், முகாம் வரைபடம், திரையைத் தமிழாக்குவது என்று போனது அது. ஒரேயொரு பகுதியை மட்டும் அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. காணாமற்போனோர் பதிவு.

துசாந்தினி கேட்டது அதைத்தான். கிரான் ஊரிலிருந்து வருகிற பெண், யாரோடும் அதிகம் பேசாதவள்.

"மிஸ், தேடுறவங்க குடுத்த பேரையும் முகாம்ல பதிஞ்ச பேரையும் பொருத்திப் பாக்கிற இடத்தில ஒரு பிழை கிடக்கு. இங்கிலீசில ஒரு எழுத்து மாறினாலும் ஆள் இல்லையெண்டு சொல்லுது. நான் அதத் திருத்தட்டா?"

"அது பட்டியல்ல இல்லையே புள்ள."

"இல்லத்தான் மிஸ். ஆனா மூணு மாசத்தில முடிக்கலாம்."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்காமல் கலாஜினி கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் கேள்விகள் தொடங்கின.

"மிஸ், உங்கட பேர இங்கிலீசில எழுதக்குள்ள ஜே போடுறீங்களா, ஜீ போடுறீங்களா?" என்றாள் ஒரு நாள். இரண்டு மாதம் கழித்து, "அப்பாட பேர் ஏரம்பமூர்த்தி தானே மிஸ்?" மறுகிழமை, "முந்தி நாவலடியிலயா இருந்தீங்க?"

நாவலடி என்ற பெயரை வளாகத்தில் ஒருவருக்கும் கலாஜினி சொன்னதில்லை. பக்கத்து மேசைச் சபீனாவும் காதோடு சொன்னாள். "உங்களப் பத்தி என்னட்டயும் கேட்டாள். வாயக் கொடுத்து மாட்டிக்காதீங்க."

மாட்டிக்கொள்ள விஷயம் இருந்தது. சுனாமி நாவலடியை வழித்துத் துடைத்த அன்று அப்பாவும் அம்மாவும் போனார்கள். அவளோடு மிஞ்சியது தம்பி கிரிசாந்த் மட்டும்தான். பதினாலு வயது. அடுத்த வருடம் அகதி முகாமிலிருந்து தண்ணீர் அள்ளப் போனவனை இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு வன்னிப் போர்முனையில் என்றார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது, குடும்பத்தார் அனைவரும் சுனாமியில் இறந்ததாக எழுதினாள். தம்பி இயக்கத்தில் என்று தெரிந்தால் வேலை போவது இருக்கட்டும், ஆளே போய்விடலாம் என்ற பயம். எழுதி முடித்த பேனையை அன்றே வாவியில் வீசினாள்.

இப்போது படியேறி வந்த துசாந்தினி, அறைக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள்.

"ஏன் புள்ள கதவச் சாத்துறாய்?"

"வேற ஆக்கள்ற காதில விழுந்தாச் சரியில்ல மிஸ்." குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குத் தம்பி ஒராள் இருக்கிறாரா?"

கலாஜினி மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். பழகிப்போன பதில் தானாக வந்தது.

"இல்ல. எல்லாரும் சுனாமியோட போயிட்டாங்க. ஆரு உன்ன இதக் கேக்கச் சொன்னது? அந்த வேன் ஆக்களா?"

"ஓம் மிஸ். உங்களிட்டக் கேட்டு நிச்சயப்படுத்தச் சொன்னவங்க."

"என்னத்த நிச்சயப்படுத்த?"

"நான் திருத்தினது சரியா வேலை செய்யுதா எண்டு பாக்க, உண்மையான பட்டியலத் தந்தவங்க மிஸ். அதில உங்கட பேர் வந்துட்டு."

பட்டியலில் பேர் வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று கலாஜினிக்குத் தெரியும். எழும்பப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

துசாந்தினி பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "ஏழு மாசமா உங்களத் தேடுறாங்க மிஸ். ஜேக்குப் பதிலா ஜீ எண்டு எழுதினதாலதான் இவ்வளவு நாளும் நீங்க அம்பிடல்ல."

"ஆரு? பொலிசா, ஆமியா?" என்றாள் கலாஜினி. "சொல்லு புள்ள. நானே போய் நிக்கிறன். பிள்ளையளுக்கு முன்னால வச்சு மட்டும் பிடிக்க வேணாமெண்டு சொல்லு."

துசாந்தினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளை விரித்து மேசையில் வைத்தாள். அதன் தலைப்பில், வேனில் கண்ட அதே நீல எழுத்தில், காணாமற்போனோரைத் தேடும் தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது.

"வவுனியா முகாம்ல இருந்து மிஸ். உங்கட தம்பி."