ரெண்டைத் தாண்டாதீங்க

மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவின் மூச்சுதான் நின்றுவிட்டது.

அம்மாவின் போன் வந்து ஆபீசிலிருந்து ஓடி வந்தவன், ஆக்சிஜன் மெஷினை அணைக்கக் குனிந்தான். கை பாதியில் நின்றது.

ஆக்சிஜன் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் அந்தச் சின்ன உருண்டை ஐந்தில் மிதந்தது.

காலையில் இரண்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"நாந்தாண்டா கூட்டி வச்சேன்," என்றாள் அம்மா. அப்பாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். "உக்காரவும் முடியாம படுக்கவும் முடியாம என்ன பாடு பட்டாரு! கண்கொண்டு பாக்க முடியல. திருகி விட்டதும் கொஞ்ச நேரத்துல இழுப்பு அடங்கிருச்சு. அசந்து தூங்குனாரு. அப்படியே போயிட்டாரு, மகராசன்."



டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உடம்பில் கரியமில வாயு கூடினால், மூச்சு விடு என்று மூளை விரட்டும். எல்லாருக்கும் அப்படித்தான். அப்பாவின் மூளைக்கு அந்த வாயு பழகிப்போயிற்று. ஆக்சிஜன் பற்றாமல் தவிப்பதால்தான் இன்னும் மூச்சு விடுகிறார். பாவம் பார்த்து அள்ளிக் கொடுத்தால் மூளை சும்மா இருந்துவிடும். தூக்கத்திலேயே போய்விடுவார்.

"ரெண்டைத் தாண்டாதீங்க, சார்."

இதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை.

"அதத் தொடாதம்மா" என்றான், அவ்வளவுதான். வாயுவாவது மூளையாவது, அம்மாவுக்கு என்ன விளங்கப்போகிறது என்று நினைத்துவிட்டான். பெரிய படிப்பாளி! நாற்பது வருஷமாக அந்த மனுஷனின் இருமலை வைத்தே பசியா கோபமா என்று கண்டுபிடித்தவளுக்கா விளங்காது? ரெண்டு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

பாவி.

மெஷினை அணைத்தான். வீடு கப்பென்று அடங்கியது.

பக்கத்து வீட்டுச் சௌந்தரம் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அவளிடமும் அம்மா சொன்னாள். பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"கடைசி நேரத்துல நிம்மதியக் குடுத்தியே, புண்ணியவதி," என்றாள் சௌந்தரம்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில் அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நேத்தே கூட்டி வச்சிருக்கலாம் இல்லடா? மனுசன் ஒரு நாள் வீணா தவிச்சிட்டாரு."



"ஆமாம்மா," என்றான். "வச்சிருக்கலாம்."