திருப்பி மாட்டுன ஜன்னல்

திரையை இழுத்ததும், கைதட்டத் தூக்குன கையெல்லாம் அப்படியே நின்னுடுச்சு.

கலர் கண்ணாடியில மாதா, காலடியில அல்லிப்பூ, அதுக்குக் கீழ 'பெரியநாயகி டீச்சர் நினைவாக'. எல்லாம் அழகு தான். ஆனா எழுத்து மொத்தமும் இடம் வலமா மாறிக் கெடக்குது.

"இன்னா பாய் இது?" கோயில் கமிட்டி ராசு அண்ணன் தான் முதல்ல வாயைத் தொறந்தாரு. "உள்பக்கத்தை வெளிய வச்சி மாட்டிட்டீங்களா?"

ஷேக் பரீத் பாய்க்குத் திருக்கோவிலூர்ல கண்ணாடிக் கடை. ஜன்னல் மாட்டுனது அவரு தான்.

"தப்பு நடந்துடுச்சுங்க."

"இன்னா தப்பு? பேரைப் படிக்கணும்னா ஆளுக்கொரு முகம் பாக்கற கண்ணாடி எடுத்துக்கினு வரணுமா பூசைக்கு?"

பாட்டு குரூப்ல எல்லாருக்கும் சிரிப்பு. டீச்சர் வூட்டுக்காரர் சவரிமுத்து சார் மட்டும் தரையைப் பாத்துக்கினு நிக்கறாரு. சம்சாரம் போனப்புறம் ஆசை ஆசையா செய்ய வச்ச ஜன்னல். எனக்கே பாய் மேல செம கோவம்.

"நாளைக்கே கழட்டித் திருப்பிடுங்க." ராசு அண்ணன் விடல.

"கழட்டுனா உடையும்ங்க. சிமெண்டு இறுகிடுச்சு."

"உடைஞ்சா வேற செஞ்சி குடுங்க. இனிமே நம்ம கோயில் வேலைக்கு நீங்க வேணாம்."

அப்ப தான் வெளிய ஒரே சத்தம். ஓடிப்போய் பாத்தேன்.

வெளிய இருட்டிடுச்சு, உள்ள லைட்டு எரியுதா, ரோட்டுலேர்ந்து பாத்தா ஜன்னல் சும்மா ஜொலிக்குது. பேரு நேரா, பளிச்சுனு. உளுந்தூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்ன சனமெல்லாம் இங்கயே பாத்துக்கினு நிக்குது.

முன்னாடி நிக்கறது கந்தசாமி. டீச்சரோட அப்பா. பொண்ணு மதம் மாறி இந்தக் கோயில்ல தாலி கட்டிக்கினதுலேர்ந்து கேட்டைத் தாண்டாத மனுசன். பொண்ணு சாவுக்குக் கூட வெளியவே தான் நின்னாரு.

தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கினாரு. எழுத்துக் கூட்டிப் படிக்கறாரு. "பெ... ரி... ய... நாயகி." பக்கத்துல நின்னவரை உலுக்குனாரு. "எம்பொண்ணுய்யா. போற வர்றவன்லாம் எம்பொண்ணு பேரைப் படிக்கறான் பாரு."

பஸ் ஸ்டாப்பே கைதட்டுச்சு. உள்ளேர்ந்து ஓடிவந்தவங்களும் தட்டறாங்க. ஃபாதர் மணி அடிக்கச் சொல்லிட்டாரு. பஸ் வந்துச்சு, ஒருத்தரும் ஏறல.

ராசு அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கினே வந்தாரு. "கழட்ட வேணாம் பாய். அப்படியே இருக்கட்டும். உள்ள இருக்கற நமக்கு டீச்சர் பேரு தெரியாதா இன்னா? உங்க லக்கு, தப்பு கூட நல்லதா முடிஞ்சிடுச்சு. அடுத்த ஜன்னலும் நீங்க தான், ஆனா நேரா மாட்டுங்க."

பாய் சிரிச்சிக்கினாரு.

கூட்டம் கலைஞ்சப்புறம் மைக் வயரைச் சுத்திக்கினு இருந்தேன். தூணுக்கு அந்தாண்ட சவரிமுத்து சார் குரல்.

"நான் சொல்லித் தான் திருப்பி மாட்டுனீங்கனு எல்லார் கிட்டயும் சொல்லிடறேன் பாய். என்னால நீங்க திட்டு வாங்கிக்கினீங்க."

"சும்மா இருங்க சார். மருமவன் தனக்காக செஞ்சதுனு தெரிஞ்சா, மாமனாரு நாளைலேர்ந்து இந்தப் பக்கம் தலையே திருப்ப மாட்டாரு. பாய் பண்ண தப்புனா, தெனமும் வந்து பாப்பாரு."