ஒட்டிய பக்கம்

செஞ்சி நூலகத்தில் வாசகர் கூட்டம் முடிந்ததும் கலைச்செல்வி, அமலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னீங்கன்னு அந்த நாவலைத் தேடி வாங்கிப் படிச்சேங்க்கா. இப்படி அழ வெச்சிட்டீங்களே!"

"அழத்தானே சொன்னேன்? பதினாலு வயசுல படுக்கையில கெடந்து படிச்சது. ஆனா கடைசியில சுகந்தி பொழைச்சு, சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போவுது பாரு, அது போதும்."

"பொழைக்குதா? ஆபரேஷன்லயே செத்துடுதேக்கா!"

கூட்டத்தில் காட்டக் கொண்டுவந்திருந்த பழைய பிரதியை அமலா சிரித்தபடி நீட்டினாள்.

"நீயே பாரு. பஸ் ஸ்டாண்டாண்ட பழைய புத்தகக் கடையில நைனா வாங்கியாந்தது. கடைசிப் பக்கம் கிழிஞ்சி போயி, யாரோ கையால எழுதி ஒட்டியிருக்காங்க."

கலைச்செல்வி வாய்விட்டுப் படித்தாள்.

"'சுகந்தி பிளைத்துக்கொண்டாள். எல்லோரும் மகிள்ச்சியில் அளுதார்கள்.' இன்னாக்கா, ஒரு 'ழ' கூட இல்ல!"

அமலாவின் சிரிப்பு நின்றது. இத்தனை வருஷமும் அவள் கதையைத்தான் படித்திருந்தாள், எழுத்தைப் பார்த்ததில்லை. உடனே நைனாவுக்கு போன் போட்டாள்.

"நைனா, 'பொழைச்சுக்கிட்டா'ன்னு எழுத எந்த 'ல' போடணும்?"

"குண்டு 'ள'தான். ஏம்மா?"

ஒட்டிய பக்கத்தின் முதல் வரியை அமலா போனிலேயே படித்துக் காட்டினாள்.

"அந்தப் புஸ்தகத்த இன்னுமா வெச்சிருக்க?" என்றார் நைனா. "மறுநாள் உனக்கு ஹார்ட் ஆப்ரேசன். அந்தப் பொண்ணு சாவுற பக்கத்த எப்படிம்மா படிக்க வுடுவேன்?"